சுண்டெலியின் டி செல்களைத் தூண்டி வளர்த்தல்: ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தில் சேருபவரின் தலையில் முதல் மாதத்திலேயே விழும் வேலை, சுண்டெலியின் மண்ணீரலிலிருந்து டி செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) எடுத்துத் தூண்டி வளர்ப்பது. செய்முறைத் தாளில் இது ஒரு பக்கத்துக்கு மேல் வராது. எதிர்ப்பொருளைத் தட்டில் பூசு, செல்களைப் போடு, ஐஎல்-2 என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர், ஐந்து நாள் காத்திரு. தாளில் இருப்பது பொய்யில்லை. ஆனாலும் அதே தாளை வைத்துக்கொண்டு இருவர் செய்தால், ஒருவருக்குத் துடிப்பான செல்கள் கோடிக்கணக்கில் பெருகும். மற்றவருக்குத் தட்டின் அடியில் கறுத்துச் சுருங்கிய துகள்கள்தான் மிஞ்சும். வேறுபாடு பெரும்பாலும் இரண்டு இடங்களில் பிறக்கிறது. தூண்டுதல் எந்த வடிவில் செல்லைப் போய்ச் சேர்கிறது என்பது ஒன்று. அதை எப்போது நிறுத்துகிறோம் என்பது மற்றொன்று. மற்ற படிகளையும் சொல்கிறேன், ஆனால் அதிகம் நிற்கப்போவது இந்த இரண்டில்தான்.

செல்லுக்கு என்ன வேண்டும்

உறங்கும் டி செல் ஆறேழு மைக்ரான் விட்டமுள்ள சிறு உருண்டை. உள்ளே ஏறக்குறைய முழுவதும் உட்கருதான். அதைச் சுற்றி மெல்லிய சைட்டோபிளாசம். உடலுக்குள் இதை எழுப்புவது டென்ட்ரிடிக் செல். அது தன் மேற்பரப்பிலுள்ள எம்எச்சி என்ற மூலக்கூறில் ஒரு பெப்டைடை, அதாவது சிறு புரதத் துண்டை, ஏந்திக் காட்டும். டி செல்லின் ஏற்பி அதைப் பற்றிக்கொள்ளும். இது முதல் சமிக்ஞை. அதே டென்ட்ரிடிக் செல்லின் சிடி80, சிடி86 மூலக்கூறுகள் டி செல்லின் சிடி28ஐத் தொடுவது இரண்டாவது. முதலாவது மட்டும் வந்து இரண்டாவது வராமல் போனால் செல் எழுவதற்குப் பதில் மரத்துப்போகிறது. பின்னர் முழுமையான தூண்டுதல் வந்தாலும் சரியாக அசையாது. ஜென்கின்ஸும் ஷ்வார்ட்ஸும் 1987இல் இதைக் காட்டினார்கள்.

நாம் தட்டில் செய்வது இந்தச் சந்திப்பின் போலி. டி செல் ஏற்பியோடு ஒட்டியிருக்கும் சிடி3 வளாகத்தை ஓர் எதிர்ப்பொருளாலும், சிடி28ஐ இன்னொன்றாலும் பிடித்து இழுக்கிறோம். சுண்டெலிக்கு வழக்கமாகப் பயன்படும் சிடி3 எதிர்ப்பொருள் 145-2சி11 என்ற குளோன் (ஒரே செல் வழியிலிருந்து வரும் எதிர்ப்பொருள்). ஹாம்ஸ்டரில் உருவாக்கப்பட்ட இது 1987இல் ப்ளூஸ்டோனும் அவரோடு இருந்தவர்களும் வெளியிட்டது. சிடி28க்கு 37.51 என்ற குளோன். ஜேம்ஸ் ஆலிசனின் ஆய்வகத்தோடு தொடர்புடைய 1992ஆம் ஆண்டு வேலைகளிலிருந்து பரவியது. டி செல்லை அடக்கும் சிடிஎல்ஏ-4 என்ற மூலக்கூறு பற்றிய ஆய்வுக்காக 2018இல் நோபல் பரிசு பெற்ற அதே ஆலிசன்தான்.

வேறு வழிகளும் உண்டு. கன்கனாவாலின் ஏ என்ற லெக்டினை (சர்க்கரைகளைப் பற்றும் தாவரப் புரதம்) மண்ணீரல் செல்களோடு சேர்த்தால் டி செல்கள் பெருகும். மலிவானது, ஆனால் முரட்டுத்தனமானது. ஓடி-1 என்ற மரபணு மாற்றச் சுண்டெலி கையில் இருந்தால் அழகான வழி ஒன்று இருக்கிறது. அதன் சிடி8 செல்களில் (கொல்லும் டி செல்கள்) பெரும்பாலானவை ஓவால்புமின் புரதத்தின் 257 முதல் 264 வரையிலான எட்டு அமினோ அமிலத் துண்டை மட்டும் அடையாளம் காண்பவை. அந்தப் பெப்டைடை நானோமோலார் அளவில் மண்ணீரல் செல் கலவையில் சேர்த்தாலே போதும். பெப்டைடை ஏந்திக் காட்டித் தூண்டும் செல்கள் அங்கேயே இருப்பதால் எதிர்ப்பொருள் பூச்சே தேவையில்லை. முதன்முதலாகச் செய்பவருக்கு எதிர்ப்பொருள் வழியைத்தான் பரிந்துரைப்பேன். எந்தச் சுண்டெலியிலும் நடக்கும், பிழை எங்கே என்று கண்டுபிடிப்பதும் எளிது.

முந்தைய நாள்

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பயிற்சி பெறாதவர் சுண்டெலியைத் தொடக்கூடாது. பயிற்சி பெற்ற மூத்தவர் அருகிலிருக்கும்போது தொடங்குங்கள். ஒரு மண்ணீரலை இரண்டு மூன்று சோதனைகளுக்குப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று சக ஆய்வாளர்களிடம் கேட்பதும் முந்தைய நாள் வேலைதான்.

ஊடகம் ஆர்பிஎம்ஐ 1640. 500 மில்லி லிட்டர் புட்டிக்குச் சேர்க்க வேண்டியவை: வெப்பத்தால் செயலிழக்கச் செய்த மாட்டுக் கருச் சீரம் 50 மில்லி லிட்டர், 200 மில்லிமோலார் குளுட்டமின், நூறு மடங்குச் செறிவுள்ள பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின், 100 மில்லிமோலார் சோடியம் பைருவேட், நூறு மடங்குச் செறிவுள்ள அத்தியாவசியமற்ற அமினோ அமிலங்கள், 1 மோலார் ஹெப்பஸ் ஆகியவற்றில் ஒவ்வொன்றும் 5 மில்லி லிட்டர். கடைசியாக பீட்டா மெர்காப்டோஎத்தனால், இறுதிச் செறிவு ஏறத்தாழ 50 மைக்ரோமோலார்.

புதியவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது இந்தக் கடைசிப் பொருளைத்தான். மனிதச் செல்களில் பழகியவர்களுக்கு அது ஒரு சடங்கு போலத் தோன்றும். சுண்டெலி லிம்போசைட்டுகளுக்கோ அது உயிர். ஊடகத்தில் சிஸ்டீன் ஆக்சிஜனேற்றமடைந்து சிஸ்டின் வடிவில் கிடக்கிறது. இந்தச் செல்கள் அந்த வடிவை உள்ளே இழுப்பதில் மிகவும் மந்தமானவை. பீட்டா மெர்காப்டோஎத்தனால் அதைச் செல் எடுத்துக்கொள்ளும் வடிவுக்கு மாற்றிக் கொடுக்கிறது. குளுட்டதயோன் தயாரிக்க வழி கிடைக்கிறது. அது இல்லாத ஊடகத்தில் செல்கள் எழுந்து, ஓரிரு முறை பிரிந்து, பிறகு கூட்டமாகச் சாகும். நாமோ எதிர்ப்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். தூய திரவம் 14.3 மோலார் செறிவுள்ளது. 500 மில்லி லிட்டருக்கு 2 மைக்ரோலிட்டர்கூடத் தேவைப்படாது. அதை நேரடியாக அளக்க முயல வேண்டாம். ஆயிரம் மடங்குச் செறிவுள்ள இடைநிலைக் கரைசல் ஒன்றைச் செய்தோ வாங்கியோ அதிலிருந்து அரை மில்லி லிட்டர் சேருங்கள். நச்சுத்தன்மையும் கடும் நாற்றமும் உள்ள பொருள், ஆகவே புகைபோக்கி அறைக்குள் மட்டும் திறக்க வேண்டும்.

சீரம் பற்றி ஒரு வார்த்தை. ஒரே நிறுவனத்தின் சீரமே தொகுதிக்குத் தொகுதி மாறும். ஆய்வகத்தில் டி செல்லுக்கென்று சோதித்து வைத்த தொகுதி எது என்று கேட்டு அதையே எடுங்கள். குளிர்பெட்டியில் யாரோ திறந்துவைத்த புட்டி உங்களுக்கானது அல்ல.

இனி எதிர்ப்பொருள். புட்டியின் ஒட்டுத்தாளைப் படியுங்கள். சாயமேற்றிப் பார்ப்பதற்கென விற்கப்படும் எதிர்ப்பொருள்களில் கெடாமல் இருக்க சோடியம் அசைடு கலந்திருப்பார்கள்; அது செல்களின் சுவாசத்தை நிறுத்தும் நஞ்சு. வளர்ப்புக்கு வேண்டியது அசைடு இல்லாத, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) குறைந்த வகை. குளோன் பெயர் ஒன்றாகவே இருப்பதால் கை தவறிப் பக்கத்துப் புட்டிக்குப் போவது மிக எளிது.

சிடி3 எதிர்ப்பொருளை மலடாக்கப்பட்ட பிபிஎஸ் என்ற உப்புத் தாங்கல் கரைசலில் மில்லி லிட்டருக்கு 2 முதல் 5 மைக்ரோகிராம் வரும்படி கலந்து, 24 குழித் தட்டில் குழிக்கு 300 முதல் 500 மைக்ரோலிட்டர் விடுங்கள். 96 குழித் தட்டானால், தட்டையான அடி உள்ளதாகப் பார்த்து 50 முதல் 100 மைக்ரோலிட்டர் போதும். 4 டிகிரியில் ஓர் இரவு, அல்லது 37 டிகிரியில் இரண்டு மணி நேரம். புரதம் கலந்த எதையும் இந்தக் கட்டத்தில் சேர்க்கக்கூடாது. சீரத்திலுள்ள அல்புமின் பிளாஸ்டிக்கில் இடம் பிடித்துக்கொண்டால் எதிர்ப்பொருளுக்கு ஒட்ட இடமிருக்காது. செல்லைப் போடுவதற்குச் சற்று முன்பு உறிஞ்சி எடுத்து பிபிஎஸ்ஸால் இருமுறை கழுவுங்கள். குழி காயக்கூடாது. செல்கள் தயாராகாவிட்டால் பிபிஎஸ் நிரம்பியபடியே தட்டு காத்திருக்கட்டும்.

ஏன் பூச வேண்டும்? நேராக ஊடகத்தில் கலந்தால் என்ன? தூண்டுதலின் வடிவம் என்று முதலில் சொன்னது இதைத்தான். டி செல் ஏற்பிகள் செல்லின் மேல் ஓரிடத்தில் நெருங்கி நின்று இழுபட்டால்தான் உள்ளே வலுவான சமிக்ஞை போகும். கரைந்து மிதக்கும் எதிர்ப்பொருளால் அந்த நெருக்கத்தைப் போதிய அளவு உண்டாக்க முடியாது. முழு மண்ணீரல் செல் கலவையில் மட்டும் கரைந்த எதிர்ப்பொருளே வேலை செய்யும். ஏனென்றால் அங்கே பி செல்களும் மேக்ரோஃபேஜ்களும் எதிர்ப்பொருளின் வாலைத் தங்கள் எஃப்சி ஏற்பிகளால் பிடித்து, ஒரு தட்டு செய்யும் வேலையைச் செய்துவிடுகின்றன. முழுக் கலவையில் மில்லி லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் கரைத்து வெற்றி கண்டவர், அடுத்த வாரம் டி செல்களைத் தூய்மையாகப் பிரித்து அதே எதிர்ப்பொருளை அதே அளவில் கரைக்கிறார். ஒன்றும் நடப்பதில்லை. உதவிய செல்களைப் பிரித்தெடுத்துத் தூக்கி எறிந்தவர் அவரேதான். சிடி28 எதிர்ப்பொருள் விஷயத்தில் இந்தக் கண்டிப்பு இல்லை. சிடி3 பூசப்பட்டிருந்தால் 37.51ஐ மில்லி லிட்டருக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் கரைத்தே சேர்க்கலாம்.

இரண்டு எதிர்ப்பொருளும் ஒட்டிய காந்த மணிகள் கடையில் கிடைக்கின்றன. ஒரு செல்லுக்கு ஒரு மணி என்ற கணக்கில் சேர்க்கலாம். வசதியானவைதான். ஆனால் வேலை முடிந்ததும் காந்தத்தால் அவற்றை நீக்க மறந்தால் செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் எல்லாப் படமும் குழம்பும்.

மண்ணீரலிலிருந்து செல் வரை

ஆறு முதல் பத்து வார வயதுள்ள, பிளாக் 6 என்று ஆய்வகங்களில் அழைக்கப்படும் சி57 வகைச் சுண்டெலி நல்ல தொடக்கம். நெறிமுறைப்படி உயிர் நீக்கிய பின் ரோமத்தை 70 சதவீத ஆல்கஹாலால் நனையுங்கள். ரோமம் பறந்தால் பூஞ்சையும் பறக்கும். மண்ணீரல் வயிற்றின் இடப்புறம், இரைப்பையை ஒட்டி, அடர்சிவப்பாக நாக்கு வடிவில் இருக்கும். தோலைத் திறக்க ஒரு கத்தரி, உள்ளே வெட்ட வேறொன்று. இந்த ஒழுங்கைப் பழக்கமாக்கிக்கொண்டால் தொற்று பாதியாகக் குறையும். கொழுப்பு ஒட்டாமல் எடுத்து, குளிர்ந்த ஊடகத்தில் போட்டுப் பனிக்கட்டியில் வையுங்கள்.

அடுத்த வேலைகள் வேகமானவை. 70 மைக்ரான் சல்லடையின் மேல் மண்ணீரலை வைத்து, ஊசிக்குழலின் உந்துதண்டுத் தலையால் மெதுவாக வட்டமாகத் தேயுங்கள். வெண்ணிறச் சவ்வு மட்டும் மிஞ்சும்வரை போதும். அதற்கு மேல் அரைத்தால் செல்கள் உடைந்து, வெளியேறும் டிஎன்ஏ எல்லாவற்றையும் பசை போல ஒட்டவைத்துவிடும். 300 முதல் 400 ஜி வேகத்தில் ஐந்து நிமிடம் சுழற்றுங்கள்.

இப்போது குழாயின் அடியில் சிவப்பு வண்டல் தெரியும். சிவப்பணுக்களை உடைக்க ஏசிகே கரைசல்: லிட்டருக்கு அம்மோனியம் குளோரைடு 8.02 கிராம், பொட்டாசியம் பைகார்பனேட் 1 கிராம், இடிடிஏ 0.1 மில்லிமோலார், பிஎச் 7.2 முதல் 7.4. ஒரு மண்ணீரலுக்கு 1 முதல் 2 மில்லி லிட்டர். முதலில் வண்டலை விரலால் தட்டி உதிர்த்துவிட்டுப் பிறகே ஊற்றுங்கள். கட்டியாக இருந்தால் வெளியே இருக்கும் செல்கள் அதிகமாகவும் உள்ளே இருப்பவை குறைவாகவும் கரைசலைச் சந்திக்கும். அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நிமிடம். கலங்கிய சிவப்பு, ஒளி ஊடுருவும் சிவப்பாக மாறும் கணம் கண்ணுக்குத் தெரியும். உடனே பத்து மடங்கு ஊடகம் ஊற்றி நிறுத்துங்கள். மீண்டும் சுழற்றினால் வண்டல் தந்த நிறத்தில் அமர வேண்டும். லேசான இளஞ்சிவப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். முழு வெண்மைக்காக இரண்டாம் முறை ஏசிகே ஊற்றுபவர்கள் லிம்போசைட்டுகளையும் சேர்த்து இழக்கிறார்கள். மிச்சமிருக்கும் சிவப்பணு வளர்ப்பைக் கெடுக்காது. ஓரிரு நாளில் தானாக மறைந்துவிடும்.

எண்ணிக்கை. 10 மைக்ரோலிட்டர் செல் கரைசலை 90 மைக்ரோலிட்டர் ட்ரிப்பான் நீலத்தோடு கலந்து எண்ணும் கண்ணாடியில் ஏற்றுங்கள். நான்கு மூலைப் பெருங்கட்டங்களின் சராசரி 45 என்று வைத்துக்கொள்வோம். 45ஐ 10ஆலும், பிறகு 10,000ஆலும் பெருக்கினால் மில்லி லிட்டருக்கு 45 லட்சம். மொத்தம் 20 மில்லி லிட்டர் இருந்தால் 9 கோடி. ஆரோக்கியமான இளம் சுண்டெலியின் ஒரு மண்ணீரலுக்கு இயல்பான கணக்கு. 3 கோடிக்குக் கீழே வந்தால் தேய்த்ததிலோ ஏசிகேயிலோ பிழை. நீலம் ஏறியவை செத்தவை, அவற்றைத் தனியே எண்ணுங்கள். மங்கலான சிறு வட்டங்கள் சிவப்பணுக்கள். அவற்றைச் சேர்த்து எண்ணிவிட்டால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தப்பாகும்.

இந்தக் கலவையில் பாதிக்கும் மேல் பி செல்கள். டி செல்கள் மூன்றில் ஒரு பங்கு அளவே. தூய டி செல்கள் வேண்டுமென்றால் எதிர்மறைத் தேர்வு முறையைப் பயன்படுத்துங்கள்: வேண்டாத செல்களின் மேல் பயோட்டின் எதிர்ப்பொருள்களை ஒட்டி, காந்த மணியால் இழுத்துவிட்டு, தொடப்படாமல் மிஞ்சும் டி செல்களை எடுப்பது. நேர்மறைத் தேர்வில் நமக்கு வேண்டிய செல்லின் மேலேயே எதிர்ப்பொருள் உட்கார்ந்துவிடுகிறது. தூண்டப்போகும் செல்லுக்கு அந்தத் தொந்தரவு எதற்கு? எதிரியை இன்னும் சந்திக்காத செல்கள் மட்டும் வேண்டும் என்றால் சிடி44 குறைந்த, சிடி62எல் மிகுந்தவற்றைப் பிரிக்க வேண்டும். பிரித்த பின் ஒரு சிறு பகுதியைச் சாயமேற்றித் தூய்மை பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுங்கள், ஐந்தாம் நாள் வியப்புகள் பலவற்றுக்கு விடை அதில்தான் இருக்கும்.

முதல் நாற்பத்தெட்டு மணி

மில்லி லிட்டருக்கு 10 லட்சம் செல்கள் என்ற அடர்த்தியில், சிடி28 எதிர்ப்பொருள் கலந்த ஊடகத்தில், 24 குழித் தட்டின் குழிக்கு 1 மில்லி லிட்டர் விடுங்கள். 96 குழித் தட்டில் 200 மைக்ரோலிட்டருக்கு 1 முதல் 2 லட்சம். அடர்த்தியில் கஞ்சத்தனம் வேண்டாம்: டி செல்கள் ஒன்றுக்கொன்று சுரக்கும் ஐஎல்-2ஐக் குடித்து வளர்பவை, ஐதாக விதைத்தால் தனிமையிலேயே சாகும். தட்டின் ஓரக் குழிகளில் பிபிஎஸ் ஊற்றி வைத்தால் நடுக்குழிகள் வற்றாது. 37 டிகிரி, 5 சதவீதக் கரியமில வாயு.

கட்டுப்பாட்டுக் குழிகள் கட்டாயம். பூச்சு இல்லாத குழி ஒன்று, சிடி28 மட்டும் உள்ளது ஒன்று. தூண்டப்படாத செல்கள் தட்டில் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். ஒப்பிடுவதற்கு அவை உயிரோடு இருக்க வேண்டுமென்றால் சிறிதளவு ஐஎல்-7 சேருங்கள். அது பெருக வைக்காமல் உயிரை மட்டும் காக்கும்.

முதல் நாள் மாலை நுண்ணோக்கியில் பெரிதாக எதுவும் தெரியாது. தூண்டுதலின் அடையாளமான சிடி69 சில மணி நேரத்திலேயே செல் மேற்பரப்பில் ஏறியிருக்கும், ஆனால் அது சாயம் போட்டால்தான் புலப்படும். 24 மணியில் தட்டைத் திறக்காமல் பாருங்கள். சிறு உருண்டைகள் சில பருத்திருக்கும்; சில நீண்டு ஒருபக்கம் வால் விட்டிருக்கும். அங்கங்கே பத்துப் பதினைந்து செல்கள் சேர்ந்து சிறு கொத்தாகத் தெரியும். முதல் பிரிவு பெரும்பாலும் 24 முதல் 36 மணிக்குள் தொடங்கும். அதன் பின் வேகம் பிடித்தால் பத்து மணி நேரத்துக்கு ஒரு முறைகூடப் பிரியும். 48 மணியில் கொத்துகள் திராட்சைக் குலை போலத் திரண்டு, வெறுங்கண்ணுக்கே வெண்புள்ளிகளாகத் தெரியும். செல்லின் விட்டம் 10 முதல் 12 மைக்ரான் ஆகியிருக்கும். ஊடகம் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு வந்திருக்கும். தூண்டுதல் பிடித்ததா என்று தெரிந்துகொள்ள இந்த நிறமே முதல் சான்று; தூண்டாத குழி அருகில் சிவப்பாகவே இருக்கும்.

இந்த இரண்டு நாளும் கையைக் கட்டிக்கொண்டிருங்கள். கொத்துகளைப் பிப்பெட்டால் கலைக்க வேண்டாம், ஊடகம் மாற்ற வேண்டாம், அடிக்கடி இன்குபேட்டரைத் திறக்கவும் வேண்டாம். கொத்துக்குள்தான் செல்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை கொடுத்துக்கொள்கின்றன.

எப்போது நிறுத்துவது

48 மணி ஆனதும் நிலைமை தலைகீழாகிறது. இதுவரை உயிர் கொடுத்த சிடி3 பூச்சு இனி கொல்லும். தொடர்ந்து ஏற்பி வழியே தூண்டப்படும் டி செல், ஃபாஸ் என்ற மரண ஏற்பியும் அதன் இணையும் கொண்டு தன்னையும் அண்டை செல்லையும் அழிக்கத் தொடங்குகிறது. உடலில் நோய் தணிந்த பின் படையைக் குறைக்க உதவும் ஏற்பாடு இது. தட்டில் நம் உழைப்பைத் தின்னும். நாலாம் நாள், ஐந்தாம் நாள்வரை பூச்சிலேயே விட்டவர்களின் செல்கள் எண்ணிக்கையில் குறைவது மட்டுமில்லை, பிழைத்தவையும் களைத்துப் போயிருக்கும். மறுபடி தூண்டினால் சைட்டோகைன்களை (செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதங்கள்) சரிவரச் சுரக்காது.

ஆகவே 48 மணியில், சிடி4 செல்களானால் (உதவி டி செல்கள்) தேவைப்பட்டால் 72 மணிவரை பொறுத்து, கொத்துகளை மெல்ல உறிஞ்சி உறிஞ்சிவிட்டுக் கலையுங்கள். பூச்சில் பற்றிக்கொண்டவை வர மறுத்தால் தட்டைச் சில நிமிடம் பனிக்கட்டியில் வைத்து மீண்டும் முயலுங்கள். ஒருமுறை கழுவி, எண்ணி, பூச்சில்லாத புதிய தட்டில் அல்லது குடுவையில் மில்லி லிட்டருக்கு 5 லட்சம் என்ற அடர்த்தியில், ஐஎல்-2 கலந்த புது ஊடகத்தில் விடுங்கள்.

ஐஎல்-2 டி செல் வளர்ப்பையே சாத்தியமாக்கிய பொருள். 1976இல் மார்கன், ரஸ்செட்டி, காலோ ஆகியோர் தூண்டப்பட்ட மனித லிம்போசைட்டுகளின் ஊடகத்தில் டி செல்களை நீண்ட காலம் வளர்க்கும் காரணி இருப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு கில்லிஸும் ஸ்மித்தும் சுண்டெலியின் கொல்லும் டி செல்களை அதே வழியில் வளர்த்தார்கள். மனித ஐஎல்-2 சுண்டெலிச் செல்லிலும் நன்றாக வேலை செய்யும் என்பதால் பல ஆய்வகங்கள் அதையே பயன்படுத்துகின்றன. மில்லி லிட்டருக்கு 20 முதல் 100 யூனிட் போதும். புட்டியில் நானோகிராம் மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தொகுதியின் செயல்திறன் எத்தனை யூனிட் என்று சான்றிதழில் பார்த்துக் கணக்கிடுங்கள். கரைத்ததைச் சிறு பங்குகளாக உறைய வையுங்கள். மீண்டும் மீண்டும் உருக்கி உறைய வைத்தால் வீரியம் போய்விடும்.

இனி ஒவ்வொரு நாளும் எண்ணுங்கள். 20 லட்சத்தைத் தாண்டவிடாமல், 5 லட்சத்துக்கு இறக்கிப் புது ஊடகமும் ஐஎல்-2உம் சேருங்கள். ஊடகம் மஞ்சளாகிவிட்டால் ஏற்கெனவே தாமதம். ‘திங்களன்று பிரித்தேன், இனி புதன்தான்’ என்று நாட்காட்டியைப் பார்த்து வளர்ப்பவர்களை இந்தச் செல்கள் மன்னிப்பதில்லை. வேகமாகப் பிரியும் கட்டத்தில் ஒரு விடுமுறை நாள் போதும், எல்லாம் அமிலத்தில் மூழ்கிவிடும். செவ்வாயன்று சுண்டெலியை எடுத்தால் பெருக்கம் உச்சத்தில் இருக்கும் நாள் வார இறுதியில் விழும் என்பதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். சிடி8 செல்கள் சிடி4ஐவிட அதிகமாகப் பெருகும். ஐந்தாம், ஆறாம் நாளில் தொடங்கியதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் கிடைப்பது வழக்கமானதே. கொல்லும் திறன் வேண்டுமென்றால் ஐஎல்-2 தொடரட்டும். நினைவுச் செல் போன்ற தன்மை வேண்டுமென்றால் இந்தக் கட்டத்தில் ஐஎல்-7, ஐஎல்-15 பக்கம் திரும்புவார்கள்.

சிடி4 செல்களை டிஎச்1, டிஎச்2 போன்ற குறிப்பிட்ட உதவி வகையாக மாற்ற விரும்புபவர்கள் சைட்டோகைன்களை முதல் நாளே சேர்க்க வேண்டும். டிஎச்1க்கு ஐஎல்-12உம் ஐஎல்-4ஐத் தடுக்கும் எதிர்ப்பொருளும். டிஎச்2க்கு ஐஎல்-4உம் இன்டர்ஃபெரான் காமாவைத் தடுப்பதும். டிஎச்17க்கு டிஜிஎஃப் பீட்டாவும் ஐஎல்-6உம். ஒழுங்குபடுத்தும் டி செல்லுக்கு டிஜிஎஃப் பீட்டாவும் ஐஎல்-2உம். டிஎச்17க்கு மட்டும் ஆர்பிஎம்ஐக்குப் பதில் ஐஎம்டிஎம் ஊடகம் நன்றாகப் பலன் தருகிறது. அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பியைத் தூண்டும் பொருள்கள் அதில் கூடுதலாக இருப்பதே காரணம். இது தனிக் கட்டுரைக்கான விஷயம். முதல் சோதனையிலேயே இதில் இறங்க வேண்டாம்.

எழுந்ததா, வளர்ந்ததா

நுண்ணோக்கியில் நன்றாகத் தெரிந்தாலும் எண்ணாக எழுத ஃப்ளோ சைட்டோமீட்டர் வேண்டும். 24 மணியில் சிடி69, சிடி25. மூன்றாம் நாளுக்குப் பின் சிடி44 ஏறியும் சிடி62எல் இறங்கியும் இருக்கிறதா என்று பாருங்கள். சிடி69 சில நாளில் இறங்கிவிடும். ஐந்தாம் நாளில் அது இல்லை என்பதால் தூண்டுதல் தோற்றது என்று முடிவு கட்டக்கூடாது. பிரிவை அளக்க, தொடக்கத்திலேயே சிஎஃப்எஸ்இ சாயம் ஏற்றுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஒளிர்வு பாதியாகும், படத்தில் பிரிவுக்கு ஒரு முகடு வரிசையாக வந்து நிற்கும். சாயம் அதிகமானால் செல் சாகும், குறைந்தால் மூன்றாம் நான்காம் முகடுகள் பின்னணியில் கரையும். முதலில் இரண்டு மூன்று செறிவுகளில் சோதித்துக்கொள்ளுங்கள்.

சைட்டோகைன் சுரப்பைப் பார்க்க ஏற்பியைத் தாண்டி நேராக உள்ளே தூண்டும் பிஎம்ஏ, அயனோமைசின் இரண்டும் கொடுத்து, வெளியேறாமல் தடுக்கும் பிரெஃபெல்டின் ஏயோடு நான்கைந்து மணி நேரம் வைப்பார்கள். பிஎம்ஏ பட்டால் சிடி4 மூலக்கூறு செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே போய்விடும். சிடி4 செல்களைக் காணவில்லையே என்று பதறாமல், செல்லைத் துளையிட்ட பின் சிடி4 சாயத்தையும் உள்ளே ஏற்றிப் பாருங்கள்.

வழி தவறும்போது

கொத்தே உருவாகவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பூச்சு: எதிர்ப்பொருள் பழையதா, பூசும் கரைசலில் சீரம் கலந்ததா, குழி காய்ந்ததா, அசைடு உள்ள புட்டியா. கொத்து வந்து மூன்றாம் நாளில் சரிந்தால் பீட்டா மெர்காப்டோஎத்தனாலும் ஐஎல்-2உம். நன்றாக வளர்ந்து திடீரென்று சரிந்தால் அடர்த்தி. எல்லாமே கொஞ்சம் மந்தம், எந்தச் சோதனையும் முன்பு போல வரவில்லை, ஆனால் ஊடகம் தெளிவாகத்தான் இருக்கிறது என்றால் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. இதற்குச் செல் சுவரே இல்லாததால் பெனிசிலினால் எதுவும் செய்ய முடியாது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, 0.22 மைக்ரான் வடிகட்டியைக்கூடச் சில வேளை தாண்டிவிடும். பிசிஆர் சோதனைதான் வழி. புதிதாக எடுத்த மண்ணீரலில் அது இருப்பது அரிது. அதே இன்குபேட்டரில் வளரும் யாரோ ஒருவரின் பழைய புற்றுச் செல் வரிசையிலிருந்து வந்திருக்கும். முதன்மைச் செல்களுக்குத் தனி இன்குபேட்டர் கேட்பது ஆடம்பரம் ஆகாது.

செல் அதிகமாகிவிட்டது, உறைய வைக்கலாமா என்று கேட்பார்கள். 90 சதவீதச் சீரம், 10 சதவீத டிஎம்எஸ்ஓவில் உறைய வைக்கலாம். உருக்கும்போது கணிசமான பகுதி சாகும், பிழைத்தவை பழைய வேகத்துக்கு வர ஐஎல்-2இல் ஓர் இரவாவது வேண்டும். சோதனைக்கு நேரடியாக வேண்டிய செல்களைப் புதிதாகவே வளர்த்துக்கொள்ளுங்கள். உறைந்த குப்பியை டிஎன்ஏ எடுக்கவும், சாயங்களை ஒத்திகை பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம்.